அட்வான்ஸ் வாங்கிட்டு அவங்களா தானே ரயில் ஏறி செங்கல் சூளை வேலைக்கு வர்றாங்க, அதைப் போய் ஏன் ஆள் கடத்தல்னு சொல்றீங்க?

நியாயமான கேள்வி தான், கேட்டதுக்கு கோச்சுக்க ஒண்ணும் இல்ல. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் கொத்தடிமை மீட்பு வேலைல நான் கொஞ்ச வருஷம் இருந்தேன், அப்போ இதே கேள்விய தாசில்தார் கேட்டிருக்காரு, எஸ்ஐ கேட்டிருக்காரு, சூளை ஓனருங்க எல்லாருமே கேட்டிருக்காங்க. "சார், நான் போய் தூக்கிட்டு வந்தனா, அவனா மேஸ்திரி கூட வந்தான், கைல ரொக்கமா காசு வாங்கிட்டு வந்தான், இப்ப நான் குற்றவாளியா?" அப்படின்னு. நம்ம ஆளுங்க மனசுல ஆள் கடத்தல்னா ஆம்னி வேன், வாயில துணி, மயக்க மருந்து, இது தான் பதிஞ்சு போயிருக்கு. அப்படியும் நடக்குது, இல்லனு சொல்லல, ஆனா நான் பாத்த வரைக்கும் ரொம்பப் பேரு சொந்தக் கால்ல நடந்து, டிக்கெட் எடுத்து, குழந்தைய இடுப்புல வெச்சுட்டு தான் வந்து மாட்டிருக்காங்க.

அதனால அவங்க எப்படி வந்தாங்கனு பாத்தா பதிலே கிடைக்காது. நாளைக்கு காலைல கிளம்பணும்னு நினைச்சா கிளம்ப முடியுமா, யாரும் தடுக்க மாட்டாங்களா, அத பாருங்க.

இது எங்க ஆரம்பிக்குதுன்னா ஒடிசால, மேற்கு பக்கம் பலாங்கிர், நுவாபடா, காலாஹாண்டினு மூணு மாவட்டம். மழைய நம்பின விவசாயம், ஒரு போகம் தான். ஆகஸ்ட், செப்டம்பர்ல அங்க நுவாகாய்னு பண்டிகை வரும், புது நெல்லு எடுத்து சாமிக்கு படைக்கிற பண்டிகை, நம்ம பொங்கல் மாதிரி அவங்களுக்கு அது தான் பெருசு. அது முடிஞ்ச கையோட வீட்ல காசு காலி, அறுவடை கைக்கு வர இன்னும் நாள் இருக்கு, எவனுக்கோ கல்யாணக் கடன், எவளுக்கோ ஆஸ்பத்திரி செலவு. கரெக்டா அந்த நேரத்துல தான் சர்தார் வருவான். நம்ம ஊர் மேஸ்திரிய அங்க சர்தார்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் அதே ஊர்க்காரன் இல்லனா பக்கத்து ஊர்க்காரன், சொந்தக்காரனா கூட இருப்பான். ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, கூட ஒரு பிள்ளை, இத ஒரு யூனிட்டா கணக்கு பண்ணி பதுரியானு சொல்லுவாங்க, பதுரியாவுக்கு இவ்ளோனு அட்வான்ஸ் குடுப்பான். கவனிங்க, கணக்குலயே பிள்ளையும் இருக்கு. அப்புறம் காண்டாபாஞ்சி ஸ்டேஷன்ல கூட்டம் கூட்டமா ஏத்தி விடுவாங்க. இந்த மாதிரி அட்வான்ஸுக்கு ஆள் எடுக்கறத கட்டுப்படுத்த ஒடிசா 1975லயே தனிச் சட்டம் போட்டுச்சு, தாதன் தொழிலாளர் சட்டம்னு, அப்பவே எவ்ளோ பெரிய பிரச்சனையா இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க.

இங்க வந்து இறங்கினா சேம்பர். வெளியூர்க்காரங்களுக்கு சூளைனு சொன்னா தான் புரியும், இந்தப் பக்கம் எல்லாம் சேம்பர் தான். கல்லு அறுக்கற வேலை ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கே ஆரம்பிச்சிடும், வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். ஆம்பள மண்ணு மிதிச்சு பிசைவாரு, பொம்பள அச்சுல போட்டு தட்டுவாங்க, காய வெச்ச கல்ல திருப்பி போடறது பிள்ளைங்க. ஏன் பிள்ளைங்கன்னா, ஈரக் கல்லு மேல பெரியவங்க கால் வெச்சா கல்லு நசுங்கிடும், குழந்தை நடந்தா நசுங்காது. முதல் தடவை இத ஒரு அம்மா சொன்னப்ப எனக்கு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு, அந்தக் குழந்தைக்கு வெயிட் இல்லங்கிறதே ஒரு வேலைத் தகுதி.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா விலங்கு, சங்கிலி எல்லாமே இந்தக் கணக்கு நோட்டு தான். உதாரணத்துக்கு ஒரு குடும்பம் 35,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிட்டு வந்திருக்குனு வைங்க. ஆயிரம் கல்லுக்கு 600 ரூபாய், ஒரு நாளைக்கு 1,200 கல்லு அறுக்கறாங்க. அப்ப நாளுக்கு 720, வாரத்துக்கு ஆறு நாள்னா 4,320. இதுல ஞாயித்துக்கெழம செலவுக்காசுனு ஒரு 1,200 கைல குடுப்பாங்க, அரிசி பருப்பு வாங்க. மீதி 3,120 அட்வான்ஸ்ல கழியணும். அப்படி பாத்தா 12 வாரத்துல கடன் தீந்து போய், மூணு மாசத்துல அவங்க சம்பளம் சேக்க ஆரம்பிக்கணும்ல? தீராது. மழைல கரைஞ்ச கல்லு கணக்குல வராது, அது அவங்க தப்பு மாதிரி. உடைசலுக்குனு ஆயிரத்துக்கு மேல எக்ஸ்ட்ரா கல்லு இலவசமா அறுக்கணும். குழந்தைக்கு காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு போனா ஆட்டோ காசு வரைக்கும் எழுதிப்பாங்க. வர்றப்ப ரயில் டிக்கெட், வழில சாப்பாடு, மேஸ்திரி கமிஷன், எல்லாம் அவங்க தலைல. நோட்டு ஓனர் கிட்ட இருக்கும், என்ன மொழில எழுதிருக்குனு கூட அவங்களுக்கு தெரியாது, சீசன் முடிஞ்சு ஜூன்ல தான் கணக்கு பாப்பாங்க. அப்ப "இன்னும் 8,000 பாக்கி, அடுத்த வருஷம் வந்து கழிச்சுக்கோ"னு சொன்னா எதிர்த்து கேக்க அவங்க கைல என்ன இருக்கு?

சரி, நடுவுல போறேன்னா? போகலாம், ஆனா ஒருத்தர் இங்க இருக்கணும். ஊர்ல அப்பா செத்துட்டாருன்னு ஃபோன் வந்தா புருஷன மட்டும் அனுப்புவாங்க, பொண்டாட்டி பிள்ளை சேம்பர்லயே. சந்தைக்கு போனா கூட குடும்பத்துல ஒரு ஆளு பின்னாடி இருக்கணும். பூட்டு கிடையாது, காம்பவுண்டு கூட சில இடத்துல கிடையாது, ஆனா யாரும் ஓட மாட்டாங்க. இத தான் அதிகாரிங்களுக்கு புரிய வைக்கிறது ரொம்ப கஷ்டம். அவங்க வந்து பாப்பாங்க, கேட்டு திறந்து கிடக்கும், ஆளுங்க வெளிய நிப்பாங்க, "எங்கம்மா அடைச்சு வெச்சிருக்காங்க"னு நம்மள திருப்பி கேப்பாங்க.

ஓடினா என்ன ஆகும்னு கேட்டா, எல்லா இடத்துலயும் அடி விழும்னு சொல்ல மாட்டேன், சில ஓனருங்க உண்மையிலயே டீசன்டா நடத்தறவங்க இருக்காங்க. ஆனா பயம் எங்கிருந்து வருதுன்னா, 2013 டிசம்பர்ல காலாஹாண்டி ஆளுங்க ரெண்டு பேரு அட்வான்ஸ் வாங்கின பிறகு, சொன்ன ஊருக்கு பதிலா வேற ஊருக்கு கொண்டு போறாங்கனு தெரிஞ்சு வர மாட்டோம்னு சொன்னதுக்கு, காண்ட்ராக்டர் ஆளுங்க அவங்க வலது கைய மணிக்கட்டோட வெட்டிட்டாங்க. சுப்ரீம் கோர்ட் தானாவே முன்வந்து எடுத்த கேஸ் அது. இந்த மாதிரி ஒரு செய்தி ஊருக்குள்ள போனா அதுக்கப்புறம் பூட்டு எதுக்கு?

இது ஏதோ வடக்கத்தி ஆளுங்க பிரச்சனைனு நினைச்சா அதுவும் இல்ல. 2019 ஜூலைல காஞ்சிபுரம், வேலூர் மாவட்டத்துல மரம் வெட்டுற இடங்கள்ல இருந்து இருளர் குடும்பங்கள், குழந்தைங்களோட சேத்து 42 பேர மீட்டாங்க. சில ஆயிரம் ரூபாய் கடனுக்கு வருஷக்கணக்கா வேலை. அன்னைக்கு ஒரு பெரியவர் அதிகாரி கால்ல விழுந்து கும்பிட்ட போட்டோ நாடு முழுக்க ஷேர் ஆச்சு, நீங்களும் பாத்திருப்பீங்க. 2025 மே மாசம் வெளிய வந்தது இன்னும் கொடுமை. ஆந்திரா திருப்பதி மாவட்டத்துல வாத்து மேய்க்கிற வேலைல இருந்த ஒரு யானாதி பழங்குடிக் குடும்பம், புருஷன் இறந்த பிறகு அந்தம்மா வெளிய போறேன்னு கேட்டதுக்கு பாக்கி பணத்த கட்டிட்டு போனு சொல்லி, பத்து வயசு கூட ஆகாத பையன ஈடா வெச்சுட்டு போக வெச்சிருக்காங்க. அவங்க காச புரட்டிட்டு வந்து கேட்டா பையன் இல்ல, ஓடிட்டான்னாங்க. கடைசில போலீஸ் விசாரிச்சப்ப பையன் இறந்து போய் நம்ம காஞ்சிபுரம் பக்கம் பாலாத்து ஓரமா புதைச்சிருந்தது தெரிய வந்துச்சு. நகைய அடகு வைக்கிற மாதிரி ஒரு பையன அடகு வெச்சிருக்காங்க, அதுவும் 2025ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா "அவங்க சம்மதிச்சாங்க"ங்கிற வாதம் சட்டத்துக்கு முன்னாடி நிக்கவே நிக்காது. அரசியலமைப்புல 23ஆவது பிரிவு ஆள் கடத்தலையும் கட்டாய வேலையையும் ஒரே வரில தடை பண்ணுது. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 370, இப்ப அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 143, இதுல மிரட்டல், தூக்கிட்டு போறது மட்டும் இல்ல, ஏமாத்துறது, அதிகாரத்த தப்பா பயன்படுத்தறது, பணமோ பலனோ குடுத்து தூண்டுறது எல்லாமே வழிமுறையா எழுதிருக்கு. பாதிக்கப்பட்டவரோட சம்மதம் பொருட்டே இல்லனு தனியா விளக்கமே போட்டிருக்காங்க. ஒருத்தர கடத்தினா 7ல இருந்து 10 வருஷம், ஒருத்தருக்கு மேலயோ குழந்தையோன்னா குறைஞ்சது 10 வருஷத்துல இருந்து ஆயுள் வரைக்கும். 1976 கொத்தடிமை ஒழிப்பு சட்டம் அதுக்கும் மேல, அந்த மாதிரி கடன் தானாவே ரத்துனு சொல்லுது, திருப்பி கேக்கவே கூடாது, கேஸ் போட்டா இது கொத்தடிமைக் கடன் இல்லனு நிரூபிக்க வேண்டியது பணம் குடுத்தவரு தான், தொழிலாளி இல்ல. 1982ல ஆசிய விளையாட்டு போட்டிக்கு டெல்லில ஸ்டேடியம் கட்டின தொழிலாளிங்க கேஸ்ல நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேல போயி, குறைந்தபட்ச கூலிக்கும் கீழ ஒருத்தன் வேலை செய்றான்னா அவன பசி தான் கட்டாயப்படுத்துது, அதுவும் கட்டாய வேலை தான்னு தீர்ப்பு சொன்னாரு. என்னைக் கேட்டா இந்த நாட்டுல வந்த நல்ல தீர்ப்புகள்ல அது ஒண்ணு, ஆனா களத்துல அத படிச்ச அதிகாரிய நான் பாத்தது ரொம்ப கம்மி.

சரி அப்ப ஓனர் குடுத்த காசு போச்சா, அவருக்கு நஷ்டம் இல்லையானு கேப்பீங்க. நியாயமான கூலி குடுத்து, வேலைய விட்டுட்டு போற உரிமையும் குடுத்து, மேல கைமாத்தா காசு குடுத்திருந்தா அது சாதாரண கடன், திரும்பி வரலன்னா சிவில் கோர்ட் இருக்கு. நம்ம ஆபீஸ்ல கூட சேலரி அட்வான்ஸ் வாங்கறோம், பேப்பர் போட்டுட்டு போனா எச்ஆர் நம்ம பொண்டாட்டிய பிடிச்சு வெச்சுக்கறாங்களா என்ன?

படிச்ச பசங்களுக்கு இதெல்லாம் நடக்காதுனு நினைக்கறவங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும், இங்க தான் விஷயம் நம்ம வீட்டுக்குள்ளயே வருது. டெலிகிராம், பேஸ்புக்ல "பாங்காக்ல டேட்டா என்ட்ரி வேலை, மாசம் 80 ஆயிரம், சாப்பாடு ரூம் ஃப்ரீ"னு விளம்பரம் பாத்து, டிப்ளமோ, இன்ஜினியரிங் முடிச்ச பசங்க டூரிஸ்டா தாய்லாந்து போறாங்க. ஏர்போர்ட்ல இருந்து கார்ல நேரா எல்லையோரம் மே சோட், அங்கிருந்து ராத்திரி மோய் ஆத்த தாண்டினா மியான்மர்ல மியாவாடி. கேகே பார்க் மாதிரி பெரிய பெரிய காம்பவுண்டு. போன உடனே பாஸ்போர்ட்ட வாங்கிப்பாங்க, "உன்ன வாங்க கம்பெனி இவ்ளோ டாலர் குடுத்திருக்கு, அத கட்டிட்டு போ"னு சொல்லுவாங்க. பாத்தீங்களா, மறுபடியும் அதே கடன், அதே கணக்கு நோட்டு, இங்க கல்லு அறுக்கணும், அங்க 15, 16 மணி நேரம் உக்காந்து ஊர்ல இருக்கறவங்கள ஆன்லைன்ல ஏமாத்தணும். டார்கெட் முடிக்கலனா அடி, கரண்ட் ஷாக். மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேரு, கம்போடியால 1,00,000 பேரு இப்படி மாட்டி இருக்கலாம்னு 2023 ஆகஸ்ட்ல ஐநா மனித உரிமை அலுவலகம் சொன்னுச்சு. 2022லயே தமிழ்நாட்டு பசங்கள மீட்டு சென்னைக்கு கூட்டிட்டு வந்தாங்க. 2025 மார்ச்ல விமானப்படை விமானம் மே சோட்டுக்கு போய் ரெண்டு நாள்ல 283 பேரு, 266 பேருனு கூட்டிட்டு வந்துச்சு.

இத ஏன் எதிர்க்கணும்னு தனியா கேக்கறவங்களுக்கு நான் இத தான் சொல்லுவேன். உங்க பெரியப்பாவோட பென்ஷன் காச "முதலீடு பண்ணுங்க டபுள் ஆகும்"னு வாட்ஸப்ல பேசி சுருட்டினானே, அவனும் அடி தாங்காம பேசறவனா இருக்கலாம். அந்தப் பக்கம் அவன கடத்தி, இந்தப் பக்கம் பெரியப்பாவ மொட்டை அடிச்சு, நடுவுல ஒருத்தன் சம்பாதிக்கிறான். உலகம் முழுக்க கட்டாய வேலைல இருந்து வருஷத்துக்கு 236 பில்லியன் டாலர் சட்டவிரோத லாபம்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) 2024ல கணக்கு சொன்னுச்சு, அந்த லாபத்துல நம்ம வீட்டு காசும் இருக்கு. சேம்பர்லயும் அப்படி தான், அட்வான்ஸுக்கு குடும்பமா உழைக்க ஆள் கிடைக்கும்போது நியாயக் கூலி குடுக்கற ஓனர் விலைல போட்டி போட முடியாம ஒதுங்கிடறாரு, உள்ளூர் ஆளுக்கு கூலி ஏறவே மாட்டேங்குது. இதெல்லாம் விடுங்க, அந்தக் கல்லுல தான் நம்ம வீடு கட்டிருக்கோம்.

என்ன பண்ணலாம்னா, வெளிநாட்டு வேலைனா ஏஜென்ட் பேரு மத்திய அரசோட இமைக்ரேட் தளத்துல பதிவு ஆகிருக்கானு பாருங்க, பதிவு பண்ண ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான் வாங்கலாம், அதுக்கு மேல லட்சக்கணக்குல கேட்டா அங்கயே நிறுத்திடுங்க. டூரிஸ்ட் விசால போயி அங்க மாத்திக்கலாம்னு சொன்னா வேலை கிடையாது, கதை முடிஞ்சுது. ஆன்லைன் மோசடில காசு போயிருந்தா உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க, அது சைபர் மோசடி புகார் நம்பர்.

சேம்பர், ரைஸ் மில், கோழிப்பண்ணை, வாத்து, ஆட்டுக்கிடை எங்கயாவது சந்தேகமா இருந்தா ஹீரோ மாதிரி உள்ள போய் வீடியோ எடுக்காதீங்க, தயவுசெஞ்சு. நீங்க எடுத்துட்டு வந்துடுவீங்க, ராத்திரிக்குள்ள அந்தக் குடும்பத்த வேற சேம்பருக்கு மாத்திடுவாங்க, அப்புறம் தேடவே முடியாது. குழந்தைங்க இருந்தா 1098, உடனடி ஆபத்துனா 112. மத்தபடி கலெக்டர், இல்லனா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் குடுக்கற ஆர்டிஓ இல்ல), சப் கலெக்டர் ஆபீஸ்ல எழுத்துல குடுங்க, தேதியோட ஒப்புகை வாங்கிக்கோங்க. உள்ளூர்ல வாய்மொழியா சொன்னா, டீம் கிளம்பறதுக்கு முன்னாடி ஓனருக்கு ஃபோன் போன கதை நிறைய இருக்கு. எழுதும்போது "அடிக்கிறாங்க" மட்டும் எழுதாதீங்க. அட்வான்ஸ் எவ்ளோ, எங்க வெச்சு குடுத்தாங்க, வாரச் செலவுக்காசு எவ்ளோ, வெளிய போக விடறாங்களா, ஆதார் கார்டு யார் கிட்ட இருக்கு, குழந்தைங்க என்ன வேலை செய்றாங்க, இதுல தெரிஞ்சத எழுதுங்க. கேஸ் நிக்கறதே இந்த விவரத்துல தான்.

மீட்ட பிறகு ரொம்ப முக்கியமானது விடுவிப்பு சான்று, ஆர்டிஓ கையெழுத்து போட்டு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா குடுக்கணும். அது இல்லாம "கணக்கு தீத்து அனுப்பி வெச்சுட்டோம்"னு பேசி முடிச்சு ரயில் ஏத்திட்டா அது மீட்பே இல்ல, கடனும் அப்படியே இருக்கும், சர்தார் ஊர் வாசல்ல காத்துட்டு இருப்பான். சான்று இருந்தா உடனடி உதவியா 30,000 வரைக்கும் கிடைக்கும், அப்புறம் ஆம்பளைக்கு 1 லட்சம், பொம்பளை, குழந்தைக்கு 2 லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் மாதிரி கொடூரமான கேஸ்ல 3 லட்சம்னு மத்திய அரசு திட்டம் இருக்கு. ஆனா முழுத் தொகைய கேஸ் முடிவோட கட்டிப்போட்டு வெச்சிருக்கறதால வருஷக்கணக்கா இழுக்கும், சாட்சி சொல்ல ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் கூலிய விட்டுட்டு வரணும், வீடியோல சாட்சி எடுக்க சொல்லி நாம தான் மனு போட்டு நச்சரிக்கணும். உங்கள்ல யாராவது வக்கீலா இருந்து, ஒடியா பேச ஆளும் தெரிஞ்சா, உங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல போய் பேரு குடுங்க, கோர்ட்ல மொழிபெயர்க்க ஆள் இல்லாமயே வாய்தா வாங்கற கேஸ்ங்க கிடக்குது.